என் கை எடுத்த சீட்டு

என் வலது கைக்கு ஒரு காலத்தில் எங்கள் சபையில் நல்ல பெயர் இருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், மனை வாங்குகிறவர்கள், பிறந்த பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் என்று யார் யாரோ அந்தக் கையைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதை கைக்கு மட்டும்தான். கைக்குச் சொந்தக்காரியை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அப்பா திருச்சி புத்தூரில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற வாரங்களில் ஜெபம் நடத்துவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அப்பாதான். வாரநாட்களில் சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பார். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். மற்றவர்கள் பேச்சில் முற்றுப்புள்ளி வரும் இடத்தில் அவர் பேச்சில் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று வரும். மழை பெய்தாலும் அதுதான், பொய்த்தாலும் அதுதான். ஒருநாள் குழம்பில் உப்புக் கூடியதற்கும் அதையே சொன்னார்.

"உப்பு என் கை தவறி விழுந்தது. அதுக்குக் கர்த்தரை எதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

அவரால் தீர்மானிக்க முடியாத விஷயம் எது வந்தாலும் திருவுளச்சீட்டுப் போடுவார். ஒரே அளவாகக் காகிதம் கிழித்து, ஒன்றில் 'செய்' என்றும் இன்னொன்றில் 'வேண்டாம்' என்றும் எழுதி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வேதபுத்தகத்தின் நடுவில் வைப்பார். எல்லோரும் முழங்காலில் நிற்போம். ஜெபம் முடிந்ததும் வீட்டில் இளையவர் யாரோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் மூத்தவளும் நான்தான், இளையவளும் நான்தான். பால்பல் விழாத வயதிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. என் கையில் வந்தது பலித்ததாக நாலு பேர் சொல்லப்போக, சபையே வர ஆரம்பித்தது. மிட்டாய் கொடுப்பார்கள். நானும் பெரிய மனுஷியைப் போல வாங்கிக்கொள்வேன்.

மூன்றாம் வகுப்பிலோ நாலாம் வகுப்பிலோ நான் படித்துக்கொண்டிருந்தபோது, துறையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்பாவைத் தலைமை ஆசிரியராக வரச்சொல்லிக் கேட்டார்கள். அப்பாவுக்குத் திருச்சியை விட்டுப் போக மனமில்லை. சீட்டுப் போட்டார். நான் எடுத்தேன். 'செய்' என்று வந்தது. அப்பா முகம் விழுந்துவிட்டது. இன்று நம் மனம் ஆயத்தமாக இல்லை, நாளைக்கு உபவாசம் இருந்து கேட்போம் என்றார். மறுநாளும் 'செய்' என்றே வந்தது. உபவாசத்தில் ஏதோ குறை இருந்ததாம். அதற்கு அடுத்த வாரம் 'வேண்டாம்' வந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று அப்பா எழுந்த வேகத்தில் வேட்டி தடுக்கி விழப்பார்த்தார். நாங்கள் துறையூருக்குப் போகவில்லை. அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் மறக்கவில்லை.

நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அந்த வருஷம்தான் அம்மாவுக்கு உடம்பு கெட்டது. மாதவிலக்கு ரத்தம் நிற்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டும், தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டும் சமைத்திருக்கிறாள். ஒருநாள் கிணற்றடியில் விழுந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்.

"நாள் கடத்தாதீங்க. இப்படியே ரத்தம் போய்க்கிட்டு இருந்தா உடம்பு தாங்காது. இப்ப செஞ்சா பிழைச்சுக்குவாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.  அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து காகிதம் எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தார்.

"அப்பா, டாக்டர் சொல்லியாச்சு. இதுக்கு எதுக்குச் சீட்டு?"

"டாக்டர் சொல்றது டாக்டர் சொல்றது. கர்த்தர் என்ன சொல்றார்னு தெரிய வேணாமாம்மா?"

அப்போதே நான் எழுந்து போயிருக்கலாம். பழக்கம் என்னை முழங்காலில் நிறுத்தியது. அப்பா ஜெபித்தார். அம்மா எனக்குப் பக்கத்தில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, முழங்காலில் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி ஒன்றை எடுத்தேன். பிரித்துப் பார்த்தேன்.

'வேண்டாம்.'

அப்பா அழுதார். "உம்முடைய சித்தம் ஆண்டவரே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அம்மா எழுந்து, சோறு குழைந்துவிடும் என்று அடுப்படிக்குப் போனாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் அம்மா சாக வேண்டும் என்று என் கையே எடுத்துக்கொடுத்திருக்கிறது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் பள்ளியில் எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்திரை வீதியில் கோயில் கைங்கர்யம் செய்கிற வைஷ்ணவக் குடும்பத்துப் பெண் அவள். என் வயதுதான். தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு முழுசையும் கேட்டாள்.

"எங்காத்துலயும் இதே கதைதான்டீ. அப்பா எதுக்கெடுத்தாலும் சரணாகதிம்பார். நாமெல்லாம் பூனைக்குட்டியாம். தாய்ப்பூனை வாயால கவ்விண்டு போற மாதிரி பெருமாள் நம்மளக் கொண்டு போயிடுவாராம். குட்டி சும்மா இருந்தா போறுமாம். குரங்குக்குட்டி மாதிரி நாமளே கெட்டியாப் பிடிச்சுக்கப் பாக்கறது தப்பாம்."

"கவ்விட்டுப் போறது பூனைதான்னு குட்டிக்கு எப்படித் தெரியும்? நாயா இருந்தா?"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தலைமை ஆசிரியை அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, "அது சரி, உங்கம்மா என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது தெரியும். அப்பா சொன்னது தெரியும். கர்த்தர் சொன்னதாகச் சொல்லப்படுவதும் தெரியும். வெட்டப்படப் போகிற வயிறு யாருடையதோ அவளை நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது பாலத்துக்குக் கீழே காவிரி மணலாகக் கிடந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின தபசு நாட்கள் அவை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு அப்பா செய்யப்போகும் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். வருஷா வருஷம் அதே பிரசங்கம்தான். சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து வேண்டிக்கொண்டதைச் சொல்வார். தன் விருப்பத்தை விட்டுவிட்டுப் பிதாவின் விருப்பத்துக்குத் தலைகொடுத்ததைச் சொல்லும்போது பெண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும். எனக்கு அன்று வேறொன்று பட்டது. தலைகொடுப்பதற்கு முன்னால் அவர் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார் அல்லவா? இந்தப் பாடு எனக்கு வேண்டாம் என்று சொன்னார். ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தவும் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னார். அந்தப் பாதியை எங்கள் கோயிலில் யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. தனக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறவன்தானே அதை விட்டுக்கொடுக்க முடியும்? என் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கக்கூட எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா மாவடுவைத் துடைத்து ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அடுக்கு வடு, ஒரு கை உப்பு. முகம் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உனக்கு என்ன வேணும்?"

"காப்பி போட்டு வெச்சிருக்கேன், போய்க் குடி."

"அது இல்லம்மா. ஆபரேஷன். பண்ணிக்கணுமா வேணாமா? அப்பா சொல்றதை விடு. சீட்டையும் விடு. உனக்கு என்ன வேணும்?"

கையில் உப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

"என்னையா கேக்கிற?"

"உன்னைத்தான்."

உப்பை ஜாடியில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். கடைசியில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "எனக்கு இருக்கணும்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இந்த வடு ஊற ஒரு மாசம் ஆகும். அதைத் திங்க நான் இருக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் எந்தச் சத்தமும் வானத்திலிருந்து தேவைப்படவில்லை. மறுநாள் காலை வாசலில் குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அப்பா வாசற்படியில் வந்து நின்றுகொண்டார். தடுக்கவில்லை. கை இரண்டும் வேதபுத்தகத்தை மார்போடு பிடித்திருந்தன.

"சீட்டு வந்த பிறகு எப்படிம்மா?"

"துறையூருக்குப் போகச் சொல்லியும்தான் வந்துச்சு."

அவர் குனிந்து வாசற்படியைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை வந்துச்சுப்பா. நீங்க நினைச்சது வர்ற வரைக்கும் போட்டீங்க. நான்தானே எடுத்தேன்? அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க?"

பெற்ற தகப்பனை நடுத்தெருவில் இப்படிக் கேட்கலாமா என்று பிற்பாடு பலரும் என்னைக் கேட்டார்கள். கேட்கலாம். உயிர் போகிற விஷயத்தில் தெருவென்ன, வீடென்ன? அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. கத்தி வெச்சுப் பொழைச்சவங்கள நான் பார்த்ததில்ல. கத்தி வெச்சவங்கள அடக்கம் பண்ணித்தான் பார்த்திருக்கேன்."

"அப்பப் பயம்னு சொல்லுங்க. சித்தம்னு சொல்லாதீங்க."

வண்டிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பேசினது போதும், வெயில் ஏறுது." பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏங்க, மாவடு ஜாடியைத் தினமும் ஒரு தடவை குலுக்கி விடுங்க. மறந்துட்டா மேல இருக்கிறது கறுத்துப்போயிடும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் போடுகிறேன் என்றேன். மகள் போட்டால் செல்லாது என்றாள் நர்ஸ். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மேஜையில் இருந்த பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். அவள் பேனா பிடித்து நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உடம்பு இவங்களோடது. எனக்கு இது போதும்" என்றார்.

ஆபரேஷன் நடந்த அன்று அப்பா ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா பிழைத்துவிட்டாள் என்று நான் போய்ச் சொன்னபோது அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தினமும் வந்தார். அம்மாவின் கட்டிலருகே நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல், "ஜாடியைக் குலுக்கினேன்" என்பார். "ரொம்பக் குலுக்காதீங்க, தோல் உரிஞ்சிடும்" என்பாள் அம்மா. அப்படிப்பட்டவர் மேல் முழுசாகக் கோபப்படுவது சுலபமில்லை. ஆனாலும் நான் பட்டேன்.

உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்து, அம்மா நடமாட ஆரம்பித்ததும் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். நோயிலிருந்து எழுந்தவர்கள் முன்னால் போய்க் காணிக்கை வைத்து நிற்பார்கள். வீட்டுத் தலைவர் சாட்சி சொல்வார். அம்மா போய் நின்றாள். அப்பா பேசினார்.

"என் மகள் கர்த்தர் காட்டின வழிக்குக் கீழ்ப்படியவில்லை. ஆனாலும் அவளுடைய கீழ்ப்படியாமையையும் கர்த்தர் தம்முடைய சித்தத்துக்கு உபயோகப்படுத்திக்கொண்டார்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. போன மாதம் அம்மா சாகவிருந்தது சித்தம். இந்த மாதம் பிழைத்து நிற்பதும் சித்தம். நடுவில் வண்டி பிடித்துக் கூட்டிப்போனவளும், எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினவளும் எங்கே போனார்கள்? எங்கள் கோயிலில் பெண்கள் ஆராதனையில் வாய் திறப்பதில்லை, பாட்டைத் தவிர. நான் எழுந்து நின்றேன்.

"எங்கம்மாவுக்கு இருக்கணும்னு ஆசை இருந்துச்சு. அவங்களே என்கிட்ட சொன்னாங்க. அதனால கூட்டிட்டுப் போனேன். சித்தம் கர்த்தரோடதா இருக்கட்டும். கீழ்ப்படியாதது என்னோடது. அதைப் பிடுங்கி அவர்கிட்டக் கொடுக்காதீங்க."

யாரோ இருமினார்கள். அன்று வந்திருந்த போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். அடுத்த வாரம் ஞாயிறு பள்ளி வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சீட்டெடுக்க என் கையைத் தேடி வருவதும் நின்றது. பெருமை பிடித்தவள் என்றார்கள். சரி, பிடித்துவிட்டுப் போகட்டும். கர்த்தரோடு எனக்கு அன்றும் சண்டை இல்லை, இன்றும் இல்லை. தினமும் அவரிடம் எனக்கு வேண்டியதைக் கேட்கிறேன். சில சமயம் அதட்டியும் கேட்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டவர்கள் எல்லாம் அவர் சார்பில் பேசினவர்கள்தான்.

அப்பா வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். போதகர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். நல்ல குடும்பம், நல்ல பையன். பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வேதபுத்தகத்தை எடுத்து வந்தார். நடுவில் இரண்டு மடித்த காகிதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்க்காமல், "முழங்கால் போடலாமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மாவடுக் கிண்ணம். அதைக் கீழே வைத்துவிட்டு, வேதபுத்தகத்திலிருந்து இரண்டு சீட்டையும் உருவினாள். பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாயிருக்கிற பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருக்கா. அவளைக் கேளுங்க."

அப்பா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் தட்டில் இரண்டு வடுவை எடுத்து வைத்தாள். ஜாடி காலியாகப் போகிற நேரம் அது. அவர் அந்த வடுவைப் பார்த்தார். பிறகு வேதபுத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். என் பக்கம் திரும்பினார். பிறந்ததிலிருந்து அவர் என் கையைத்தான் பார்த்திருக்கிறார். அன்றுதான் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை சண்டை போட்டேன்!  பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் இன்னொருவர் ஜெபத்துக்கு முழங்கால் போட எனக்கு இஷ்டமில்லை. சீட்டில் அம்மாவுக்கு வந்த அதே வார்த்தைதான் என் வாயிலிருந்தும் வந்தது.

"வேண்டாம்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, தஞ்சாவூருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பாதி எழுதிவிட்டு நிமிர்ந்து, காரணம் என்னவென்று எழுதுவது என்று கேட்டார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு எழுதுங்க" என்றாள் அம்மா.

அவர் அப்படியே எழுதினார்.